பிள்ளையைப் பற்றிய அறிக்கையை யார் எழுதுவது?



மானிப்பாயிலிருந்து ஒரு தாய் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நம்மவர் குடும்பங்கள் அதிகம் இல்லாத ஊர் அது. புத்தளத்தில் பல வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, கணவரின் வியாபாரத்திற்காக அங்கே வீடு எடுத்து இருக்கிறார்கள். கடிதத்தின் சாரம் இதுதான்:

"மௌலவி அவர்களுக்கு, என் மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துப் பட்டம் பெற்றிருக்கிறாள். ஆசிரியையாக வருவாள் என்றுதான் நினைத்திருந்தோம். அவளோ நன்னடத்தை உத்தியோகத்தர் பரீட்சை எழுதப் போவதாகச் சொல்கிறாள். கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் ஏறி இறங்குகிற வேலை நம் வீட்டுக் குமருக்கு எதற்கு என்று அவளுடைய பெரியவாப்பா கோபிக்கிறார். இந்த உத்தியோகம் என்றால் நல்ல இடத்தில் மாப்பிள்ளை வராது என்று மாமி சொல்கிறார். அவளுடைய வாப்பா ஒன்றும் பேசாமல் கடைக்குப் போய்விடுகிறார். மார்க்கம் இதற்கு இடம் தருகிறதா? நான் மகளுக்கு என்ன சொல்ல?"

இந்தக் கடிதத்தை இரண்டு வாரம் மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன் வந்திருந்தால் நான்கே வரியில் பதில் எழுதியிருப்பேன்: "ஆசிரியைத் தொழில் பெண்களுக்குக் கண்ணியமானது. மகளுக்கு அதையே எடுத்துச் சொல்லுங்கள்." இன்று அப்படி எழுத என் மனம் இடம் தரவில்லை. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பதில் தெரியாத கேள்வி

என்னிடம் குர்ஆன் ஓதிய பிள்ளைகளில் ஒருவன், அப்போது பதினைந்து வயது. ஓர் இரவு நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் போனபோது பொலிஸார் மறித்தார்கள். கூட வந்த பெரிய பையன் ஒருவனிடம் வாள் இருந்தது. எல்லோரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். 2010களின் நடுப்பகுதியிலிருந்து மானிப்பாய், சுதுமலை, இணுவில், கொக்குவில் என்ற ஊர்ப் பெயர்களோடு சேர்த்து "வாள்வெட்டு" என்ற சொல்லைப் பத்திரிகையில் படித்துப் பழகியவர்கள் நாம். அந்தச் செய்தி ஒருநாள் நம் மக்தபுக்குள்ளும் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பிள்ளையின் உம்மா அழுதுகொண்டு வந்தார். அவரோடு நானும் நீதிமன்றத்துக்குப் போனேன். நீதவான் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. பிள்ளையைப் பற்றி நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை வரவேண்டும் என்று தவணை கொடுத்தார்.

நான்கைந்து நாளில் அந்த உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். இந்துச் சகோதரி ஒருவர். பாயில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே உம்மாவிடம் பேசினார். பிள்ளை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறான், எங்கே படுக்கிறான், பாடசாலைக்குப் போவதை எப்போது நிறுத்தினான், வாப்பா கடைசியாக எப்போது வந்து போனார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். திட்டவில்லை, புத்தி சொல்லவுமில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மௌலவி, இவன் பள்ளிவாசலுக்கு வந்தால் யாரோடு கதைப்பான்? அங்கே இவனுக்குப் பிடித்த ஆள் யாராவது இருக்கிறார்களா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவன் எந்த எழுத்தை எந்த இடத்தில் பிழையாக உச்சரிப்பான் என்பது எனக்குத் தெரியும். எத்தனை நாள் வரவில்லை என்பதும் தெரியும். அதற்கு மேல் அவனைப் பற்றி எதுவும் தெரியாது. அந்தச் சகோதரி ஒரு மணி நேரத்தில் அறிந்துகொண்டதை நான் நான்கு வருடத்தில் அறிந்திருக்கவில்லை. "தெரியாது மிஸ்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அறிக்கை போனது. பிள்ளையை நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டிலேயே இருக்க நீதிமன்றம் அனுமதித்தது. அந்த அறிக்கை வேறு விதமாக எழுதப்பட்டிருந்தால் அவன் வீட்டை விட்டுப் பல மாதங்கள், ஏன் வருடங்கள்கூடப் பிரிந்திருக்க நேர்ந்திருக்கும். அன்று திரும்பி வரும்போது அந்த உம்மா பஸ்ஸில் என்னிடம் கேட்டார்: "மௌலவி, இந்த மாதிரி உத்தியோகத்தில் எங்கட பிள்ளைகள் யாரும் இல்லையா? அந்த மிஸ் நல்லவர்தான். ஆனால் நான் இத்தாவில் இருந்த காலத்தில் இவன் எப்படிக் கெட்டான் என்பதை அவரிடம் சொல்லி விளங்கப்படுத்த எனக்கு வரவில்லை." அவருடைய முதல் கணவர், அதாவது பிள்ளையின் சொந்த வாப்பா, மௌத்தாகி அப்போது மூன்று வருடம்.

அந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. மானிப்பாய்ச் சகோதரியின் கடிதம் வந்தபோது, அந்த இரண்டு கேள்விகளும் திரும்பி வந்து என் முன்னால் நின்றன.

இது என்ன உத்தியோகம்?

பெயரைக் கேட்டதும் சிறைச்சாலைதான் நம் கண்ணில் தெரிகிறது. உண்மையில் ஒருவர் சிறைக்குப் போகாமல் திருந்துவதற்கு வழி தேடுவதே நன்னடத்தைச் சேவையின் நோக்கம்.

இதன் தொடக்கம் சுவையானது. 1841ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோன் ஒகஸ்டஸ் என்ற சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி ஒருவர், குடிபோதைக் குற்றத்திற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஒரு மனிதனுக்குத் தாமாக முன்வந்து பிணை நின்றார். சில வாரங்கள் அவனைத் தம் பொறுப்பில் வைத்திருந்து, குடியை விட்ட மனிதனாக நீதவான் முன் திரும்பக் கொண்டுவந்தார். அதன்பின் 1859இல் இறக்கும்வரை கிட்டத்தட்ட இரண்டாயிரம் பேருக்கு இவ்வாறு பொறுப்பு நின்றார். அதே 1841ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் ஆங்கிலேயர் வெலிக்கடைச் சிறையைக் கட்டினார்கள். அங்கே பெரிய மதில் எழுந்த அதே வருடத்தில், இன்னொரு மூலையில் ஒரு தொழிலாளி மதில் இல்லாமல் மனிதனைத் திருத்தலாம் என்று காட்டினார்!

நம் நாட்டில் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் 1939இலும், குற்றவாளிகளின் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் 1944இலும் இயற்றப்பட்டன. 1956இல் நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகளுக்கெனத் தனித் திணைக்களம் ஏற்பட்டது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் இந்தப் பணி மாகாண சபைகளின் பொறுப்பானது. ஆகவே மானிப்பாயில் ஒரு பிள்ளை பிடிபட்டால், அவனுடைய வீட்டுக்கு வந்து விசாரிப்பவர் வட மாகாணத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்தான்.

அவருடைய வேலை என்ன? பிள்ளையின் வீடு, படிப்பு, சிநேகிதம், உடல்நிலை, மனநிலை எல்லாவற்றையும் விசாரித்து நீதவானுக்கு அறிக்கை கொடுப்பது. நீதிமன்றம் கண்காணிப்பில் விட்டால், ஒன்று முதல் மூன்று வருடங்கள் வரை அவனைத் தொடர்ந்து சந்தித்து, மீண்டும் பாடசாலைக்கோ தொழிற்பயிற்சிக்கோ அனுப்பி, வழி தவறாமல் பார்த்துக்கொள்வது. குற்றம் செய்த பிள்ளைகள் மட்டுமல்ல, கைவிடப்பட்ட பிள்ளைகளும், வீட்டிலேயே துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளும் இவருடைய பொறுப்பில் வருவார்கள். பெண்பிள்ளைகள் தங்களுக்கு நேர்ந்த கொடுமையை ஓர் ஆணிடம் சொல்வார்களா? சிந்தித்துப் பாருங்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

சிறைப்பட்டவரை நம் மார்க்கம் ஒதுக்கி வைக்கவில்லை. ஸூரத்துல் இன்ஸானில் நல்லடியார்களின் குணத்தைக் கூறும்போது, ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் அவர்கள் உணவளிப்பதை அல்லாஹ் புகழ்ந்து சொல்கிறான். அநாதைக்கும் ஏழைக்கும் பக்கத்தில் கைதியை வைத்தவன் நம்மைப் படைத்த ரப்புதான்.

யூஸுஃப் (அலை) அவர்களைப் பாருங்கள். குற்றமில்லாமல் சிறையில் இருந்தார்கள். அரசன் அழைத்தபோது உடனே ஓடி வந்துவிடவில்லை. தம்மீது சாட்டப்பட்ட விடயத்தை முதலில் விசாரிக்கச் சொன்னார்கள். உண்மை வெளியான பிறகுதான் வெளியே வந்தார்கள். விடுதலையைவிட நேர்மையான விசாரணையே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. இன்று ஓர் ஏழைப் பிள்ளைக்காக அந்த விசாரணையைச் செய்பவர் யார்? நன்னடத்தை உத்தியோகத்தர் அல்லவா?

நபி (ஸல்) அவர்களிடம் ஓர் இளைஞன் வந்து தகாத செயலுக்கு அனுமதி கேட்ட செய்தி முஸ்னத் அஹ்மதில் வருகிறது. சுற்றியிருந்தவர்கள் அவனை அதட்டினார்கள். நபியவர்களோ அவனை அருகில் அழைத்து உட்காரவைத்தார்கள். உன் தாய்க்கு ஒருவன் இப்படிச் செய்வதை நீ விரும்புவாயா, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவனையே பதில் சொல்ல வைத்தார்கள். பிறகு அவன்மீது கை வைத்து துஆச் செய்தார்கள். தண்டனை இல்லை, அவமானம் இல்லை. அந்த இளைஞன் அதன்பின் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மது அருந்தித் தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சிலர் சபித்தபோதும், உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தில் நபியவர்கள் தடுத்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் பக்தாதின் பெரிய காழியாக இருந்து ஹிஜ்ரி 182இல் வபாத்தானவர்கள். கலீபா ஹாரூன் ரஷீதுக்காக அவர்கள் எழுதிய கிதாபுல் கராஜில் கைதிகளைப் பற்றித் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. கைதிகள் சங்கிலியோடு தெருவில் பிச்சை கேட்க விடப்படுவது முஸ்லிம்களுக்கு வெட்கம் என்று கலீபாவிடமே எழுதினார்கள். உணவாகக் கொடுத்தால் காவலர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே மாதம் பத்து திர்ஹம் பணமாகக் கொடுங்கள். நம்பிக்கையான ஒருவர் பெயர்ப் பதிவேடு வைத்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துக் கையில் கொடுக்கட்டும். குளிர்காலத்துக்கும் கோடைக்கும் வெவ்வேறு உடை, பெண் கைதிகளுக்கு மேலாடையும் கொடுங்கள். உறவினர் இல்லாத கைதி இறந்தால் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுகை நடத்தி அடக்குங்கள் என்றெல்லாம் விவரமாக எழுதினார்கள். பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் இமாம் ஒருவர் கைதியின் போர்வையைப் பற்றிக்கூடக் கவலைப்பட்டிருக்கிறார். அரபுக் கல்லூரியில் நாம் ஓதிய பெயர்தான் அது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது என்ன?

இன்று உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதிகளும் இதே பக்கம்தான் வந்து நிற்கின்றன. பிள்ளையைத் தடுத்து வைப்பது கடைசி வழியாகவும் மிகக் குறுகிய காலத்துக்காகவும் இருக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் பீஜிங் விதிகள் கூறுகின்றன. பெண் கைதிகளுக்கெனத் தனியாக 2010இல் பாங்கொக் விதிகள் வந்தன. வெலிக்கடைச் சிறை மதிலிலேயே, கைதிகளும் மனிதர்கள்தான் என்ற கருத்துச் சிங்களத்தில் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. மதிலில் எழுதுவது சுலபம். அதை நடத்திக் காட்ட நல்ல மனிதர்கள் வேண்டும்.

ஊரில் இந்தப் பணி செய்ய ஒருவரேனும் இல்லாவிட்டால் அந்தக் குறை எல்லோரையும் சேரும். எனவே இதை பர்ளு கிஃபாயா போலக் கருதுவதே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

பெரியவாப்பாவின் கோபத்துக்கு

அவருடைய அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பெண்பிள்ளை அந்நிய ஆண்களிடையே போய்வர வேண்டும் என்பது நியாயமான கவலைதான். அதற்கு வரம்பு இருக்கிறது. அந்நிய ஆணோடு மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது; கதவு திறந்திருக்கட்டும், அல்லது இன்னொருவர் உடனிருக்கட்டும். வீடு பார்க்கப் போகும்போது கிராம அலுவலரையோ சக உத்தியோகத்தரையோ அழைத்துக்கொள்ளலாம். உடை, பேச்சு, பார்வை ஆகியவற்றில் பேணுதல் இருக்கட்டும். வைத்தியசாலையில் நம் பெண்கள் தாதியாகவும் டாக்டராகவும் இந்த வரம்போடுதான் வேலை செய்கிறார்கள். பெண் கைதிகளைப் பெண் அதிகாரிகள்தான் மேற்பார்வை செய்ய வேண்டும் என்பது சட்டம். நம் பெண்கள் எவருமே அந்த உத்தியோகத்துக்குப் போகாவிட்டால், உள்ளே இருக்கும் நம் சகோதரிக்கு தொழுகை விரிப்பு எதற்கு என்று விளங்கிய ஒருவர் எங்கிருந்து வருவார்?

இன்னொரு கோபமும் சிலருடைய நெஞ்சில் இருக்கிறது. வெளியே சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றினார்கள். அன்று நான் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த சிறுவன். அந்த மண்ணில் உள்ள மற்றவர்களின் பிள்ளைகளுக்காக நம் பெண் ஏன் அலைய வேண்டும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஸூரத்துல் மாஇதாவின் எட்டாவது வசனத்தை எடுத்து ஓதிப் பாருங்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற கட்டளை அதில் இருக்கிறது. இன்றைய பதினைந்து வயதுப் பிள்ளை 1990இல் பிறந்திருக்கவேயில்லை. அவன் மீது நமக்கு என்ன வழக்கு? என் மாணவனுக்காகப் பாயில் உட்கார்ந்து விசாரித்த அந்தச் சகோதரி, அவன் யாருடைய பிள்ளை என்று கணக்குப் பார்க்கவில்லை. நம் பெண் எழுதும் அறிக்கையும் அப்படித்தான் இருக்க வேண்டும். நம்மவன் என்று குற்றத்தை மறைப்பதும், அடுத்தவன் என்று கூட்டி எழுதுவதும் ஒரே பாவம்தான்.

மானிப்பாய்க்கு இது புதிய பாடமுமல்ல. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கேதான் நம் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். நோயாளியின் பாஷையில் பேசத் தெரிந்தவனே நல்ல வைத்தியன் என்று அவர் விளங்கியிருந்தார். வழி தவறிய பிள்ளைக்கும் அவன் பாஷையில் பேசத் தெரிந்தவர்தான் வேண்டும்.

எந்தெந்த வழிகள் இருக்கின்றன?

கடிதம் எழுதிய சகோதரிக்கும், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் உள்ள மற்றவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, நன்னடத்தை உத்தியோகத்தர். பட்டதாரிகளைப் போட்டிப் பரீட்சை, நேர்முகத் தேர்வு மூலம் மாகாண அரச சேவைக்கு எடுப்பார்கள். சமூகவியல், உளவியல், சமூகப்பணி, சட்டம் படித்தவர்களுக்கு வேலை கைவரும்.

இரண்டாவது, பிரதேச செயலகங்களில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். மானிப்பாயார் சண்டிலிப்பாயில் உள்ள தங்கள் பிரதேச செயலகத்துக்கே போய் இந்த வேலையைப் பற்றி நேரில் கேட்டறியலாம்.

மூன்றாவது, நீதிமன்றம் அனுப்பும் பிள்ளைகள் தங்கும் இல்லங்களும் சான்று பெற்ற பாடசாலைகளும். யாழ் மாவட்டத்தில் அச்சுவேலியில் அப்படி ஒன்று இருக்கிறது. அங்கே விடுதிப் பொறுப்பாளர், ஆசிரியர், தையல், தச்சு போன்ற தொழில் கற்பிப்பவர் எல்லோரும் தேவை.

நான்காவது, சிறைச்சாலைகள் திணைக்களம். 1905இல் தனித் திணைக்களமானது. சிறைக்காவலர், ஜெயிலர், புனர்வாழ்வு உத்தியோகத்தர் எனப் பல தரங்கள் உண்டு. ஆணும் பெண்ணும் விண்ணப்பிக்கலாம். சீருடை பற்றிய விதிகளை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாவது, 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி நடக்கும் சமுதாயஞ்சார் சீர்திருத்தப் பணி. சிறு குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஊதியமற்ற பொது வேலையிலும் போதை மறுவாழ்விலும் ஈடுபடுத்துவது இதன் முறை. சிறைக்குள் இருப்பவர்களில் பெருந்தொகையினர் போதைப்பொருள் வழக்கிலும், தண்டப்பணம் கட்ட வழியில்லாமலும் போனவர்கள் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

படிப்புக்கு, 1952இல் தொடங்கப்பட்டு இன்று சீதுவையில் இயங்கும் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணிப் பட்டம் படிக்கலாம். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் தனியாகவே கற்பிக்கப்படுகிறது. வயதெல்லை, தகைமை, சம்பளம் முதலியவை காலத்துக்குக் காலம் மாறும். வெள்ளிக்கிழமை வர்த்தமானியையும் மாகாண சபை அறிவித்தல்களையும் தவறாமல் பாருங்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் உண்டு. அரச சேவையில் சேர்ந்தவர் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும். புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலர் சந்தையிலும் பக்கத்து வீட்டிலும் சிங்களம் பேசிப் பழகியவர்கள். இடம்பெயர்வு நமக்குக் கொடுத்த கஷ்டங்களுக்கிடையே அல்லாஹ் வைத்த நன்மை அது. அதை வீணாக்க வேண்டாம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. வெற்றிடங்கள் குறைவு. பரீட்சைகள் வருடாவருடம் வருவதில்லை. கோப்புகள் குவியும். கேட்கக் கூடாத கதைகளைக் கேட்க வேண்டி வரும்; அவை இரவில் தூக்கத்தையும் கெடுக்கும். கேட்டதை வீட்டில் உம்மாவிடம்கூடச் சொல்ல முடியாது, அது அமானிதம். ஆகவே மகள் பரீட்சைக்குப் படிக்கும் அதே வேளையில் ஆசிரிய நியமனத்துக்கும் விண்ணப்பிக்கட்டும். எந்த வாசல் திறக்கும் என்பது அல்லாஹ்வின் அறிவில் இருக்கிறது.

பிள்ளை பிடிபட்டால்

இந்தப் பக்கத்தைப் படிக்கும் உம்மாமாருக்கு இதையும் சொல்லி வைக்கிறேன். எவருக்கும் தேவைப்படாமல் இருக்க அல்லாஹ் கிருபை செய்வானாக.

2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, குற்றப் பொறுப்பின் வயது எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை செய்தது சட்டத்தின் பார்வையில் குற்றமாகாது. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளையின் விளக்கமும் முதிர்ச்சியும் எவ்வளவு என்பதை நீதவான் பார்ப்பார். பிள்ளைகளின் வழக்கைப் பொதுமக்கள் முன்னிலையில் விசாரிப்பதில்லை. ஆகவே ஊர் அறிந்துவிடும் என்று பயந்து ஓடி ஒளிய வேண்டாம்.

நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தால் உண்மையைச் சொல்லுங்கள். "என் பிள்ளை தங்கம்" என்று மூடி மறைத்தால் அவருக்கு உதவி செய்ய வழியிருக்காது. பிறப்புச் சான்றிதழ், பாடசாலை அறிக்கை, வைத்தியத் துண்டுகள் ஆகியவற்றை ஒரு பையில் எடுத்து வையுங்கள். சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பிள்ளைக்கு எவராவது கொடுமை செய்வது தெரிந்தால், 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

சகோதரிக்கு என் பதில்

மானிப்பாய்ச் சகோதரியே, உங்கள் மகள் விண்ணப்பிக்கட்டும். மார்க்கம் தடுக்கவில்லை. நிய்யத்தையும் வரம்பையும் பேணினால் இது இபாதத்தாகவே ஆகும் என்று நம்புகிறேன். ஆனால் அவளுடைய வாப்பா மௌனமாகக் கடைக்குப் போய்விடக் கூடாது. குடும்பத்தின் முன்னால் வாய் திறந்து "என் மகள் போகட்டும்" என்று அவர் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் அவளுக்குப் பெரிய பலம். மாப்பிள்ளை விடயத்தில் மாமிக்கு என் ஸலாத்தோடு இதைச் சொல்லுங்கள்: அநாதைப் பிள்ளைக்காக வெயிலில் நடந்து வரும் பெண்ணைக் குறையாக நினைக்கும் வீட்டுக்கு நம் பிள்ளையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

என் மாணவனின் செய்தியையும் சொல்லி முடிக்கிறேன். கண்காணிப்புக் காலம் முடிந்தபோது அவன் பள்ளிவாசலுக்கு வந்தான். முதல் வாரத்தில் அவன் நின்ற ஸப்பில் தம் பிள்ளைகளை நிற்க விடாமல் சிலர் இழுத்துக்கொண்டார்கள். நீதிமன்றம் விட்டுவிட்டது, நாம் விடவில்லை! பிறகு ஒரு முதியவர் எதுவும் பேசாமல் அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவன் இப்போது குளிர்சாதனப் பெட்டி திருத்தும் வேலை பழகுகிறான். சில நாள் சுப்ஹுக்கு வருகிறான், சில நாள் வருவதில்லை. வராத நாளில் நான் அவன் வீட்டுக்குப் போய், சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டு வருகிறேன். யாரோடு கதைப்பான், யாரைப் பிடிக்கும் என்று இன்று எவராவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியும், அல்ஹம்துலில்லாஹ்.

நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுபவர் சிலர்தான். நம் வீட்டிலும் தெருவிலும் வளரும் பிள்ளைகளைப் பற்றி அந்த அறிக்கையில் வரவேண்டியவற்றை அறிந்திருப்பது நம் எல்லோர் மீதும் கடமை. அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. வழி தவறியவர்களைக் கண்ணியத்தோடு திரும்பக் கொண்டுவருபவர்களை நம் வீடுகளிலிருந்தும் எழுப்புவானாக. ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.